கெழு என்றால் நிறம்

எக்ஸ் என்ற எழுத்துக்கு முன்னால் 4 என்று எழுதிவிட்டு, "இந்த நாலுக்கு என்ன பேரு?" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். "கெழு சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பதில் சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கல்லூரியில் ஃபூரியர் தொடர் படித்த நாட்களில் பக்கம் பக்கமாகக் கெழுக்களைக் கண்டுபிடித்து எழுதினேன். அப்போதும் கேட்கத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறொரு சொல்லைத் தேடித் தொல்காப்பியத்தின் உரியியலைப் புரட்டியபோது கெழு அங்கே இருந்தது. அங்கே அதற்குப் பொருள் நிறம்.

ஓர் எண்ணுக்கும் நிறத்துக்கும் என்ன உறவு? அந்தக் கேள்வியோடு இந்தச் சொல்லையும் இதன் உறவுக்காரச் சொற்களையும் தேடிப் போனேன். போன வழியெல்லாம் ஒரு கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தது.

பழைய வீடு

உரியியலில் தொல்காப்பியர் குரு, கெழு என்னும் இரண்டு சொற்களை ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டும் நிறத்தை உணர்த்தும் என்கிறார். கெழுவின் உடன்பிறப்பான கேழ் என்ற சொல்லுக்கும் நிறம், ஒளி என்றே அகராதிகள் பொருள் தருகின்றன.

அதே நூலின் எழுத்ததிகாரத்தில் கெழுவுக்கு இன்னொரு வேலை. குற்றியலுகரப் புணரியலின் முடிவில், செய்யுளில் இரண்டு சொற்களுக்கு நடுவே தோன்றும் சாரியைகளில் ஒன்றாக அது வருகிறது. வளங்கெழு நாடு, புகழ்கெழு வேந்தன் என்னும்போது, வளத்தையும் நாட்டையும், புகழையும் வேந்தனையும் பொருத்தி வைப்பது கெழு. கெழுமுதல் என்றால் பொருந்துதல், நிறைதல். நெருங்கிய நண்பரைக் கெழுதகை நண்பர் என்று எழுதும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

திருக்குறளின் பழைமை அதிகாரம் கெழுதகைமை என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது. நீண்ட நாள் பழகியதால் வரும் உரிமை என்று அதற்குப் பொருள். அந்த அதிகாரத்தின் இரண்டாம் குறள், கெழுதகைமையை நட்பின் உறுப்பு என்கிறது. இயற்கணிதம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சிலிர்ப்பு உண்டாகும். ஒரு கோவையின் ஒவ்வொரு துண்டையும் நாம் உறுப்பு என்கிறோம். அதோடு ஒட்டி நிற்கும் எண்ணைக் கெழு என்கிறோம். நம் கணக்கு நோட்டின் இரண்டு சொற்களும் அந்தக் குறளில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஆக, கெழுவுக்குப் பழந்தமிழில் இரண்டு பொருள்கள்: பொருந்தி நிற்பது, நிறம். ஈருறுப்புக் கெழு, ஒட்டுறவுக் கெழு, மாறுபாட்டுக் கெழு என்று நம் பாடநூல்களில் வரும் எல்லா இடங்களிலும் முதற்பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டாம் பொருளுக்குத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.

உடன் நின்று ஆக்குவது

மேலைநாட்டார் இதே எண்ணுக்கு வைத்த பெயர் கோஎஃபிஷியன்ட். அதன் லத்தீன் வடிவத்தைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் பிரான்சுவா வியெத் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்த அளவுகளுக்கு மெய்யெழுத்துகளையும் 1591-இல் வெளியான நூலில் பயன்படுத்தி, எழுத்துக் கணிதத்துக்கு வழி திறந்தவர் அவர்.

வியெத்தின் காலத்தில் ஒரு நீளத்தையும் ஒரு பரப்பையும் கூட்டக்கூடாது. பரப்பையும் கன அளவையும் கூட்டக்கூடாது. எக்ஸின் கனத்தோடு எக்ஸின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டுமானால், அந்த வர்க்கத்துக்குத் துணையாக ஒரு நீளம் வந்து அதையும் கன அளவாக ஆக்கித் தர வேண்டும். அப்படி உடன் நின்று ஆக்கித் தரும் அளவுக்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். 'கோ' என்றால் உடன். மீதிப் பகுதிக்கு ஆக்குவது என்று பொருள்.

வியெத்தின் சொல்லிலும் கெழுவின் முதற்பொருள்தான் இருக்கிறது. ஒன்று உடன் நிற்கிறது. மற்றொன்று பொருந்தி நிற்கிறது.

குணம் என்னும் கயிறு

தமிழிலேயே இந்த எண்ணுக்கு இன்னொரு பெயர் உண்டு. ஈழத்துப் பாடநூல்களில் அது குணகம். தமிழ்நாட்டிலும் இயற்பியல் வகுப்புக்குள் நுழைந்தால் உராய்வுக் குணகம், மீட்சிக் குணகம் என்று அந்தச் சொல்தான் வரவேற்கும்.

குணகம் என்றதும் ஒரு பொருளின் குணத்தைச் சொல்லும் எண் என்று நினைத்துக்கொள்கிறோம். உராய்வுக் குணகத்துக்கு அந்த விளக்கம் பொருந்தவும் செய்கிறது. சொல்லின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. குணம் என்ற வடசொல்லுக்கு நூலிழை, கயிற்றின் புரி என்ற பொருள்கள் உண்டு. வில்லின் நாணும் குணம்தான். வீணையின் தந்தியும் குணம்தான். மூன்று புரி சேர்ந்தது திரிகுணம். நாம் முப்புரி நூல் என்கிறோமே, அதே கணக்கு. மூன்று புரியிலிருந்து மூன்று மடங்கு என்ற பொருள் பிறந்தது. மடங்கிலிருந்து பெருக்கல் பிறந்தது. பெருக்கும் எண் குணகம் ஆயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் லீலாவதியை எழுதியபோது பெருக்கலின் கலைச்சொற்கள் இந்த வேரிலிருந்தே வந்தன. தமிழில் குணித்தல் என்ற வினைக்குப் பெருக்குதல் என்ற பொருள் வந்ததும் இதே வழியில்தான்.

இதில் இன்னொரு கயிறும் வந்து சேர்கிறது. சைன் என்று நாம் சொல்லும் சார்பின் பெயர், வடமொழியில் வில்நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்ற சொற்களிலிருந்து புறப்பட்டது. வட்டத்தின் துண்டு வில். அதன் இரு முனைகளையும் சேர்ப்பது நாண். நம் வடிவியலில் இன்றும் நாண் என்றே சொல்கிறோம். ஆரியபட்டர் பாதி நாணைக் கொண்டு அட்டவணை அமைத்தார். ஜீவா அரபு மொழிக்குள் போய் ஜீபா ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்டதால், மடிப்பு அல்லது வளைகுடா என்று பொருள்படும் ஜைப் என்ற சொல்லாக அதைப் படித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அந்த வளைவுக்கு நேரான சைனஸ் என்ற சொல்லைப் போட்டார்கள். அதுவே சைன்.

ஆகவே, "சைனின் குணகம்" என்று ஒருவர் சொல்லும்போது, இரண்டு சொற்களுமே ஒரு காலத்தில் இழுத்துக் கட்டிய கயிறாக இருந்தவை. இந்தக் குணகங்களை முதலில் தேடவைத்த சிக்கலும் ஒரு கயிற்றிலிருந்துதான் வந்தது.

கம்பியைச் சுற்றி ஒரு வாதம்

இரு முனைகளிலும் கட்டப்பட்ட கம்பியை மீட்டினால் அது எந்த வடிவில் ஆடும்? 1747-இல் பிரெஞ்சு அறிஞர் டாலம்பேர் இதற்கான சமன்பாட்டைத் தீர்த்தார். அடுத்த ஆண்டே ஆய்லர் களத்தில் இறங்கினார். 1753-இல் டேனியல் பெர்னூலி, கம்பியின் ஆட்டம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் அது பல சைன் ஆட்டங்களின் கூட்டுதான் என்றார். இசைக்காது உள்ளவருக்கு அது நியாயமாகவே தோன்றும். ஒரே கம்பியிலிருந்து அடிப்படைச் சுரமும் மேற்சுரங்களும் சேர்ந்து வருவதை அது கேட்டிருக்கும். ஆய்லரும் டாலம்பேரும் ஒப்பவில்லை. கூர்மையாக முறிந்த ஒரு வடிவத்தை வழுவழுப்பான சைன் வளைவுகளால் எப்படிக் கட்ட முடியும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. எந்தச் சைனை எவ்வளவு எடுத்துக் கூட்டுவது என்று பெர்னூலியால் சொல்லவும் முடியவில்லை. அந்த "எவ்வளவு"தான் கெழு.

பதில் வெப்பத்தின் பக்கமிருந்து வந்தது. ஜோசப் ஃபூரியர் 1768-இல் ஓசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பியபின், கிரெனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக இருந்துகொண்டே இரும்பில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று இரும்பு வளையம். வளையத்தைச் சுற்றிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். வெப்பநிலையும் பழைய மதிப்புக்கே திரும்பிவிடும். திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் காலமுறை அலையை வளையமே கண்முன் காட்டிவிடுகிறது. எந்த வடிவமானாலும் அதன் சைன், கொசைன் கெழுக்களைக் கண்டுபிடிக்கலாம் என்று 1807 டிசம்பரில் பாரிஸ் அறிஞர் அவைக்கு அவர் எழுதினார். ஆய்ந்தவர்களில் ஒருவரான லக்ராஞ்சு ஏற்கவில்லை. 1812 தொடக்கத்தில் பரிசு கிடைத்தபோதும் நிறுவல் போதாது என்ற குறிப்போடுதான் கிடைத்தது. 1822-இல் வெப்பம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. எந்த நிபந்தனைகளில் இந்தத் தொடர் உரிய மதிப்பைச் சென்றடையும் என்பதை 1829-இல் டிரிக்லே நிறுவினார்.

ஐந்து எண்களில் ஒரு கெழு

கெழுவைக் கண்டுபிடிக்கும் வழியைத் தொகையீட்டுக் குறியோடு எழுதினால் பலரும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். விரல்விட்டு எண்ணும் கணக்காகவே அதைச் செய்து பார்க்கலாம்.

பள்ளி ஆய்வகத்தில் சுரமானி இருக்கும். இரண்டு கத்திமுனைகளுக்கு நடுவே கம்பி. அதன் சரிபாதியில் விரலால் பிடித்து ஒரு பங்கு உயரத்துக்கு இழுங்கள். கம்பி ஒரு கூரைபோல நிற்கும். அதன் நீளத்தை ஆறாகப் பிரித்தால், இடையில் உள்ள ஐந்து புள்ளிகளில் உயரங்கள்: 0.333, 0.667, 1, 0.667, 0.333. இந்தக் கூரையைத் தலைகீழாக்கி அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே போனால் ஒரு காலமுறை அலை கிடைக்கும். அதனால் இந்த ஒரு கூரையைக் கணக்கிட்டாலே போதும்.

இந்த அலையில் முதல் சைன் எவ்வளவு இருக்கிறது? அதே ஐந்து புள்ளிகளில் சைனின் மதிப்புகள்: 0.5, 0.866, 1, 0.866, 0.5. புள்ளிக்குப் புள்ளி பெருக்குங்கள்: 0.167, 0.577, 1, 0.577, 0.167. கூட்டினால் 2.488. ஆறால் வகுத்தால் சராசரி 0.415. அதை இரட்டித்தால் 0.829. இதுதான் முதல் கெழுவின் தோராய மதிப்பு. கம்பியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 0.815 வரும். துண்டுகளை எல்லையில்லாமல் நுணுக்கினால் 8-ஐப் பையின் வர்க்கத்தால் வகுத்த மதிப்பு, அதாவது 0.811-இல் போய் நிற்கும். அந்த நுணுக்கலின் பெயர்தான் தொகையீடு.

இரண்டாம் சைன் எவ்வளவு? அதன் மதிப்புகள் 0.866, 0.866, 0, பிறகு கழித்தலில் 0.866, 0.866. பெருக்கினால் 0.289, 0.577, 0, கழித்தல் 0.577, கழித்தல் 0.289. கூட்டினால் சுழி. நடுவில் இழுத்த கம்பியில் இரண்டாம் சைன், அதாவது இரண்டாம் சீரிசை, இல்லவே இல்லை. மூன்றாம் சைனின் மதிப்புகள் 1, 0, கழித்தல் 1, 0, 1. அதே வழியில் போனால் கழித்தல் 0.111 கிடைக்கும், துல்லியமான விடை கழித்தல் 0.090.

ஏன் இந்த வழி பலிக்கிறது? வேறு வேறு வரிசை எண்கள் கொண்ட இரண்டு சைன்களைப் பெருக்கிச் சராசரி பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டுச் சுழி வரும். ஒரு சைனைத் தன்னோடு தானே பெருக்கினால் மட்டும் சராசரி அரை வரும். அதை ஈடுகட்டத்தான் கடைசியில் இரட்டிக்கிறோம். மூன்றாம் சைனைப் பிடித்துப் பெருக்கினால், அலைக்குள் கலந்திருக்கும் மற்ற எல்லாச் சைன்களும் சலித்துப் போய், மூன்றாவது மட்டும் தட்டில் தங்கும். பொதுவான அலைக்குக் கொசைன் கெழுக்களும், அலையின் சராசரி மட்டமான ஒரு தனி எண்ணும் வேண்டும். அவற்றுக்கும் வழி இதுதான்.

கம்பியின் நடுப்புள்ளியில் திரும்பக் கூட்டிப் பாருங்கள். மூன்றாம் சைன் அங்கே கழித்தல் 1, அதன் கெழுவும் கழித்தல், பெருக்கினால் 0.090 கூட்டலாக வரும். 0.811-உடன் 0.090, பிறகு 0.032, பிறகு 0.017 என்று சேர்ந்துகொண்டே போய், நாம் விரலால் இழுத்த அந்த ஒரு பங்கு உயரத்தை எட்டிவிடும். ஆய்லருக்கு நம்ப முடியாமல் இருந்த கூர்முனை, வழுவழுப்பான வளைவுகளாலேயே கட்டப்பட்டுவிட்டது.

நிறம் வந்து சேர்ந்த இடம்

இப்போது இரண்டாம் பொருளுக்கு வருவோம். அதே கம்பியை நடுவில் இழுக்காமல் ஒரு முனைக்கு அருகில் இழுத்து விடுங்கள். சுரம் மாறாது. ஒலி மட்டும் கூர்மையாகும், பளிச்சென்று இருக்கும். மாறியவை கெழுக்கள்தாம். மேல்வரிசைச் சைன்களின் பங்கு கூடிவிட்டது. ஒரே சுரத்தை வீணையும் புல்லாங்குழலும் பாடகரும் எழுப்பும்போது எது எது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, சீரிசைகளின் கெழுக்களில் இருக்கிறது. 1863-இல் செர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் இதை விரிவாக நிறுவினார். செர்மானியர் இந்தப் பண்புக்கு வைத்திருக்கும் பெயர் கிளாங்ஃபார்ப. அதைத் தமிழில் சொன்னால் ஒலிநிறம்.

ஒலிக்கு நிறம் உண்டு என்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் செய்யுளின் சந்த வகைகளுக்கு வண்ணம் என்று பெயரிட்டு இருபதாக வகுத்தார். இராகம் என்ற வடசொல்லின் வேருக்கே சாயமேற்றுதல் என்று பொருள். ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்? கெழு. கெழு என்றால் நிறம்.

தொல்காப்பியருக்கு ஃபூரியர் தொடர் தெரியும் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் இருவருக்குமே மரியாதை ஆகாது. பொருந்தி நிற்பது, நிறம் தருவது என்று ஒரு சொல்லுக்குள் நம் மொழி சேர்த்து வைத்திருந்த இரண்டு எண்ணங்களும், ஃபூரியரின் கணக்கில் ஒரே எண்ணின் மேல் வந்து அமர்கின்றன. உறுப்போடு பொருந்தி நிற்பதால் அது கெழு. ஒலிக்கு நிறம் ஊட்டுவதாலும் அது கெழு.

இந்த நிறக் கணக்கில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கும் சீரிசைகள் ஒலியில் வராது என்பது ஆங்கில அறிஞர் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் தந்த விதி. நடுவில் மீட்டினால் இரண்டாம் கெழு சுழி என்று மேலே கண்டது அதுதான். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கொல்கத்தாவில் ஆராய்ந்துகொண்டிருந்த சி. வி. ராமன், வீணையிலும் தம்புராவிலும் இந்த விதி நிற்பதில்லை என்று 1921-இல் எழுதினார். சுழியாக வேண்டிய சீரிசைகள் அங்கே வலுவாக ஒலித்தன. காரணம், தந்தியைத் தாங்கும் குதிரை. சுரமானியின் கத்திமுனைபோல் கூர்மையாக இல்லாமல், மேற்புறம் அகலமாகவும் மெல்ல வளைந்தும் இருக்கும் அந்தக் குதிரையின் மேல் தந்தி ஒட்டியும் விலகியும் ஆடுவதால், இல்லாத கெழுக்கள் பிறந்துவிடுகின்றன. வீணை செய்யும் ஆசாரி குதிரையை இழைத்து இழைத்துப் பார்க்கும்போது, அவர் கை தேடுவது அந்தக் கெழுக்களைத்தான்.

மிருதங்கத்தையும் ராமன் விடவில்லை. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழுஎண் மடங்கில் இருக்காது. அதனால் சுருதி தெளிவாக நிற்காது. வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காகப் பூசி ஏற்றும் சாதம் என்னும் கரிய பசை அந்த அதிர்வெண்களைச் சீரிசை வரிசைக்குக் கொண்டுவருவதை அவர் 1920-இல் வெளியிட்டு, 1934-இல் விரிவாக எழுதினார். ஒரு கரிய வட்டம் முழவின் ஒலிக்கு நிறம் தருகிறது.

இன்று

இன்று கெழுவும் நிறமும் நம் சட்டைப் பையிலேயே சந்தித்துக்கொள்கின்றன. 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் கொசைன்களை மட்டும் கொண்டு கெழுக்களைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஜேபெக் வகைப் படங்கள் அதன்மேல் எழுந்தவை. படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனியே 64 கெழுக்களாக மாற்றப்பட்டு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத கெழுக்கள் உதறப்படுகின்றன. ஊர்த் திருவிழாவில் எடுத்த படத்தில் தேர்ச்சீலையின் சிவப்பு, கைப்பேசிக்குள் நிறமாக இல்லை, கெழுக்களாக இருக்கிறது. திரையில் விரியும்போது அந்தக் கெழுக்கள் மறுபடி நிறமாகின்றன.

குணகத்தை விட்டுவிட்டுக் கெழுவை எடு என்றோ, கெழுவை விட்டுவிட்டுக் குணகத்தை எடு என்றோ நான் சொல்லமாட்டேன். ஒன்று கம்பியை நினைவூட்டுகிறது. மற்றது அந்தக் கம்பி எழுப்பும் நிறத்தை நினைவூட்டுகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. "கெழு சார்" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லி முடித்ததும், ஆசிரியர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து அந்தச் சுரமானியை எடுத்து வந்து மேசைமேல் வைக்க வேண்டும். நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை மீட்ட வேண்டும். "சுரம் மாறிச்சா?" "இல்ல சார்." "அப்ப என்ன மாறிச்சு?" என்று கேட்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதற்கு என்னென்ன சொற்களால் பதில் சொன்னாலும், அந்த எல்லாச் சொற்களுக்கும் அடியில் இருக்கும் சொல் அவர்கள் நோட்டிலேயே இருக்கிறது.